நாம் விளக்கேற்றாத நாள்



மே 18-ஆம் நாள் வந்தால் நம் நாட்டுத் தமிழர் பலர் முள்ளிவாய்க்காலை நினைத்து விளக்கேற்றுகின்றனர். சூலை மாதம் வந்தால் 1983-ஆம் ஆண்டின் கறுப்புச் சூலையைப் பற்றிப் பேசுகின்றனர். இரண்டும் செய்யவேண்டிய கடமைகளே. ஆனால், 1986 ஏப்ரல் 29-ஆம் நாளை நினைத்து நம் நாட்டில் ஒருவர் விளக்கேற்றி நான் கண்டதில்லை. பேரா மாநிலத்தில் எத்தனையோ தமிழ் நிகழ்ச்சிகளில் பார்வையாளனாகவும் பேச்சாளனாகவும் அமர்ந்திருக்கிறேன். அந்த நாளின் பெயரைச் சொன்ன மேடை ஒன்றுகூட என் நினைவில் இல்லை.

அன்றுதான் யாழ்ப்பாணத்தில் விடுதலைப் புலிகள், தமிழீழ விடுதலை இயக்கத்தினரை (டெலோ) வேட்டையாடத் தொடங்கினர். முகாம்கள் தாக்கப்பட்டன. பிடிபட்டவர்கள் சுடப்பட்டனர். சில சந்திகளில் டயர்களின்மேல் கிடத்தி எரிக்கப்பட்டனர். ஒருசில நாள்களுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் மாண்டனர். மே 6-ஆம் நாள் அவ்வியக்கத்தின் தலைவர் சிறீ சபாரத்தினமும் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவன் தமிழன், செத்தவனும் தமிழன். இருவரும் தமிழீழத்திற்காகவே வீட்டை விட்டுப் புறப்பட்டவர்கள்.

இந்த நாளைப் பற்றிப் பேசாதிருப்பதே இனப்பற்று என்று நம்மிடையே ஒரு கருத்து வேரூன்றிவிட்டது. அந்தக் கருத்தை மறுக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கை அரசின் குற்றத்தைக் குறைத்துக் காட்டுவது என் நோக்கமன்று. 2011-இல் வெளிவந்த ஐக்கிய நாடுகள் பொதுச்செயலாளரின் வல்லுநர் குழு அறிக்கை, போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை மாண்டிருக்கலாம் என்பதைப் புறந்தள்ள இயலாது என்று கூறியது. அந்த இழப்புக்கு இன்றுவரை நீதி கிடைக்கவில்லை. அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால், அடுத்தவன் கையால் செத்தவனுக்கு மட்டும் அழுது, நம்மவன் கையால் செத்தவனை மறைத்துவிட்டால், நாம் கேட்பது நீதி ஆகுமா?

கைகோத்து நின்ற நால்வர்

1985 ஏப்ரலில் நான்கு இயக்கங்கள் ஈழத் தேசிய விடுதலை முன்னணி என்னும் ஒரே குடையின்கீழ் வந்தன. அதற்கு முந்திய ஆண்டிலேயே டெலோ, ஈரோஸ், ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணி (ஈபிஆர்எல்எப்) ஆகிய மூன்றும் அதில் இணைந்திருந்தன. புலிகள் நான்காவதாகச் சேர்ந்தனர். அதே ஆண்டு சூலையில் திம்புவில் நடந்த பேச்சுவார்த்தையில் இந்நான்கும், தமிழீழ மக்கள் விடுதலைக் கழகமும் (புளொட்), தமிழர் விடுதலைக் கூட்டணியும் ஒரே குரலில் நான்கு கோட்பாடுகளை முன்வைத்தன. தமிழினம் ஒரு தேசிய இனம் என்று ஆறு அமைப்புகளும் சேர்ந்து அரசின் முகத்துக்கு நேரே கூறின. தமிழர் வரலாற்றில் அது பெரிய நாள்.

அம்முன்னணியின் நான்கு தலைவர்களும் பின்னர் என்ன ஆனார்கள்? டெலோவின் சிறீ சபாரத்தினம் 1986 மே மாதத்தில் புலிகளால் கொல்லப்பட்டார். ஈபிஆர்எல்எப்பின் பத்மநாபா 1990 சூன் 19 அன்று சென்னைக் கோடம்பாக்கத்தில், தம் தோழர்கள் பலரோடு, அதே புலிகளால் கொல்லப்பட்டார். புலிகளின் பிரபாகரன் 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் பகுதியில் மாண்டார். ஈரோசின் பாலகுமாரன், பிற்காலத்தில் புலிகளோடு இணைந்தவர், அதே மே மாதத்தில் படையினரின் கைக்குச் சென்றபின் காணாமலாக்கப்பட்டார்.

நால்வரில் இருவரைக் கொன்றது சிங்களப் படையன்று. நால்வரில் ஒருவரின் இயக்கம். மற்ற இருவருக்கும் இறுதி வந்தபோது, தோள்கொடுக்க வேண்டிய இயக்கங்கள் எவையும் எஞ்சியிருக்கவில்லை.

1986 ஏப்ரலோடு அது நிற்கவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் புளொட் யாழ்ப்பாணத்தில் தன் செயல்பாட்டை நிறுத்திக்கொள்ள நேர்ந்தது. திசம்பரில் ஈபிஆர்எல்எப் தாக்கப்பட்டது. 1987 மார்ச்சு இறுதியில் புலிகளின் யாழ்ப்பாணத் தளபதி கிட்டு மீது குண்டு வீசப்பட்டு அவர் ஒரு காலை இழந்தார். அதற்குப் பழியாக, ஏற்கெனவே பிடித்து அடைக்கப்பட்டிருந்த மாற்று இயக்க இளைஞர்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். குண்டு வீசப்பட்டபோது சிறையில் இருந்தவன் அக்குண்டை எவ்வாறு வீசியிருப்பான்? அவர்கள் அடைக்கப்பட்டிருந்த வீட்டின் பெயர் 'கந்தன் கருணை'.

எவர் கையும் சுத்தமில்லை

"ஆசிரியர் புலிகளை மட்டுமே குறை கூறுகிறார்" என்று சிலர் இந்நேரம் முணுமுணுப்பார்கள். பொறுங்கள்.

புளொட் இயக்கம் தஞ்சை மாவட்டத்தில் நடத்திய பயிற்சி முகாம்களில் கேள்வி கேட்ட சொந்த உறுப்பினர்களையே வதைத்தது, சிலரைக் கொன்றது. அதனை உள்ளிருந்து கண்டு வெளியேறியவர் கோவிந்தன். அவர் எழுதிய 'புதியதோர் உலகம்' நாவல் 1985-இலேயே வெளிவந்துவிட்டது. அவ்வியக்கத்தின் தலைவர் உமா மகேசுவரன் 1989 சூலையில் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர்கள் அவருடைய இயக்கத்தவர்களே.

டெலோவும் விலக்கன்று. புலிகள் தாக்குவதற்கு ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன்னர், 1986 மார்ச்சில், அதன் உட்பூசலில் தாஸ் என்னும் தளபதி யாழ்ப்பாண மருத்துவமனையில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். ஈபிஆர்எல்எப் இந்திய அமைதிப்படையின் துணையோடு வடகிழக்கு மாகாண ஆட்சியில் அமர்ந்தபோது பழிவாங்கியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் பிடித்துக் கட்டாயமாகத் தமிழ்த் தேசிய இராணுவத்தில் சேர்த்தது. 1990 மார்ச்சில் இந்தியப் படை கப்பலேறிவிட்டது. அந்தப் பிள்ளைகள் புலிகளின் துப்பாக்கிக்கு முன்னால் தனியே விடப்பட்டனர்.

2004 மார்ச்சில் கிழக்குத் தளபதி கருணா புலிகளை விட்டுப் பிரிந்தார். ஏப்ரலில், பெரிய வெள்ளிக்கிழமையன்று, வெருகல் ஆற்றங்கரையில் வன்னிப் புலிகளும் கிழக்குப் புலிகளும் மோதினர். நேற்றுவரை ஒரே பாசறையில் உண்டவர்கள் ஒருவரையொருவர் சுட்டனர். அதன்பின் கருணா குழு அரசின் துணைப்படையாக மாறியது. கிழக்கில் கடத்தலும் கொலையும் தொடர்ந்தன. 2005 கிறித்துமசு நள்ளிரவு வழிபாட்டின்போது மட்டக்களப்புத் தேவாலயத்திலேயே நாடாளுமன்ற உறுப்பினர் யோசேப்பு பரராசசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்காகத் தண்டனை பெற்றவர் எவருமில்லை. 2006 திசம்பரில் கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பேராசிரியர் இரவீந்திரநாத் கொழும்பில் காணாமற்போனார். அது தொடர்பான விசாரணையில், கருணாவோடு பிரிந்து வந்து பின்னர் அவரோடும் முரண்பட்ட பிள்ளையான் கைது செய்யப்பட்டது 2025 ஏப்ரலில்தான். பதினெட்டு ஆண்டுகளுக்கும் மேல்! ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவருக்கே இந்த நிலை என்றால், பெயர் தெரியாத ஏழைத் தாயின் மகனுக்கு எந்த நீதிமன்றம் கதவு திறக்கும்?

முதலில் பாய்ந்தது சொல்

ஒரு மொழியாசிரியனாக என்னை மிகவும் உறுத்துவது துப்பாக்கியன்று, ஒரு சொல். 'துரோகி' என்னும் சொல்.

1975 சூலை 27-ஆம் நாள் யாழ்ப்பாண நகர முதல்வர் அல்பிரட் துரையப்பா, பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயில் முன்றலில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆளுங்கட்சியைச் சார்ந்து நின்றதே அவர் குற்றம். அவருக்கும் அவரைப் போன்றோருக்கும் முன்னரே தமிழ்த் தேசிய மேடைகளில் துரோகிப் பட்டம் சூட்டப்பட்டிருந்தது. மேடையில் முழங்கியவர்கள் துப்பாக்கி தூக்கவில்லை என்பது உண்மை. ஆனால், மேடைக்குக் கீழே நின்று கைதட்டிய இளைஞன் அச்சொல்லை உவமையாக எடுத்துக்கொள்ளவில்லை. துரோகிக்கு என்ன தண்டனை என்று அவனுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பதினான்கு ஆண்டுகள் சென்றன. 1989 சூலை 13-ஆம் நாள், அதே மேடைகளின் தலைவராக விளங்கிய அமிர்தலிங்கமும், யாழ்ப்பாணத்தின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் யோகேசுவரனும் கொழும்பில் தம் இல்லத்தில் சுட்டுக் கொல்லப்பட்டனர். பேச வந்த விருந்தினராக உள்ளே நுழைந்தவர்களே சுட்டனர். இம்முறை துரோகிப் பட்டம் அவர்களுக்கு. அவ்வாண்டு செப்தம்பர் 21-ஆம் நாள் மருத்துவர் இராசினி திராணகம யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் எந்த இயக்கத்தின் துப்பாக்கியையும் அப்போது ஏந்தியிருக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்தார். அரசையும் இந்தியப் படையையும் இயக்கங்களையும் ஒரே அளவுகோலால் அளந்து 'முறிந்த பனை' நூலைத் தோழர்களோடு எழுதினார். எழுதிய ஆசிரியைக்கு விடை தோட்டா.

1993-இல் புலிகளின் துணைத்தலைவராக இருந்த மாத்தையா பிடிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு கொல்லப்பட்டார். பிரபாகரனுக்கு அடுத்த நிலையில் இருந்தவரே துரோகி என்றால், அச்சொல்லிலிருந்து தப்பக்கூடியவர் யார்?

ஒரு சொல்லுக்குப் பொருள் வேண்டுமானால் அதற்கு எல்லை வேண்டும். 'துரோகி' என்னும் சொல்லுக்கு அந்த மண்ணில் எல்லையே இல்லாமற்போயிற்று. அரசோடு சேர்ந்தவன் துரோகி. வேறு இயக்கத்தில் இருந்தவன் துரோகி. இயக்கமே இல்லாமல் எழுதியவர் துரோகி. கடைசியில் இயக்கத்துக்குள்ளேயே இருந்தவனும் துரோகி. வள்ளுவர் 'உட்பகை' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். வெளிப்பகையைவிட அதை அஞ்சச் சொன்ன இனத்தில் பிறந்த நாம், அந்த அதிகாரத்தைத் தேர்வுக்கு மட்டுமே மனப்பாடம் செய்கிறோம்.

சொல்லப்படும் மூன்று சமாதானங்கள்

இவற்றைப் பேசினால் மூன்று விடைகள் வரும். மூன்றையும் பலமுறை கேட்டிருக்கிறேன்.

முதலாவது: "இதையெல்லாம் பேசினால் எதிரிக்குத்தான் ஆதாயம்." எதிரி ஆதாயம் பெற்றது பேச்சாலா, கொலையாலா? விரட்டப்பட்ட இயக்கங்களில் எஞ்சியவர்கள் எங்கே போனார்கள்? உயிர்தப்ப வழியில்லாமல் பலர் அரசுப் படைகளிடமே அடைக்கலம் புகுந்தனர். வவுனியாவிலும் யாழ்ப்பாணத்துத் தீவுகளிலும் மட்டக்களப்பிலும் படையினருக்கு வழிகாட்டியவர்கள், தமிழ் தெரிந்தவர்கள், ஊர் அறிந்தவர்கள், வீடு அறிந்தவர்கள், ஒருகாலத்தில் அதே படைக்கு எதிராகப் பயிற்சி பெற்றவர்கள். அவர்கள் செய்த கொடுமைகளை நான் நியாயப்படுத்தவில்லை. அந்த ஆள்பலத்தை அரசுக்கு அள்ளிக் கொடுத்தது எது என்றுதான் கேட்கிறேன். 2004-இல் கருணா பிரிந்தார். 2007 சூலையில் கிழக்கு முழுவதும் அரசின் கைக்குச் சென்றது. இடையில் மூன்றே ஆண்டுகள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பதை இதைவிடத் தெளிவாக எவர் விளக்க முடியும்?

இரண்டாவது: "போராட்டத்துக்கு ஒரே தலைமை வேண்டும், பல தலைமை இருந்தால் குழப்பம்." ஒரே தலைமை வேண்டும் என்பதை ஏற்கிறேன் என்றே வைத்துக்கொள்வோம். துப்பாக்கியால் அது வந்ததா? டெலோவை அழித்தபின் ஈபிஆர்எல்எப் மிகுந்தது. அதை அழித்தபின் மாத்தையா மிகுந்தார். அவரை அழித்தபின் கருணா வந்தார். மாற்றுக் கருத்தைக் கொன்று பெற்ற ஒற்றுமையில், அடுத்த மாற்றுக் கருத்து உள்ளிருந்தே பிறக்கிறது. வெளியே சொல்ல இடமில்லாததால் அது சதியாகவே பிறக்கிறது. தவறு நேரும்போது "தலைவரே, இது தவறு" என்று சொல்ல ஓர் ஆள்கூட இல்லாத படை எவ்வளவு வீரமுடையதாயினும் கண்ணில்லாத படையே.

மூன்றாவது: "இந்திய உளவுத்துறை மூட்டிவிட்டது." மூட்டியது உண்மைதான். 1983-க்குப் பின் பல இயக்கங்களுக்குத் தனித்தனியே பயிற்சியும் ஆயுதமும் கொடுத்து, ஒன்றை மற்றதன்மீது ஏவிவிடும் வாய்ப்பைத் தன் கையில் வைத்துக்கொண்டது இந்தியா. ஆனால், 1982 மே 19-ஆம் நாள் சென்னைப் பாண்டிபசாரில் பிரபாகரனும் உமா மகேசுவரனும் நடுத்தெருவில் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டபோது அந்தப் பயிற்சி தொடங்கியிருக்கவே இல்லை. எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றியவனைக் குற்றஞ்சாட்டுவோம். தீ வைத்தது யார் என்பதையும் மறவாமல் கேட்போம்.

இன்னொரு தடையும் உண்டு, அது அச்சம். நம் அரசு 2014-இல் விடுதலைப் புலிகளைப் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. 2019 அக்டோபரில் அவ்வியக்கத்தோடு தொடர்பு என்ற குற்றச்சாட்டில் சோசுமா சட்டத்தின்கீழ் 12 பேர் கைதாயினர். 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் அவ்வழக்குகளைக் கைவிட்டார். அதன்பின் "ஈழம் என்றே வாய் திறக்காதே" என்று ஒரு சாராரும், "திறந்தால் புகழ மட்டும் திற" என்று இன்னொரு சாராரும் ஆயினர். வரலாறு இரண்டுக்கும் நடுவில் அநாதையாகக் கிடக்கிறது.

பேரா மண் சொல்லும் பாடம்

"நாம் மலேசியர், ஈப்போவில் இருப்பவனுக்கு யாழ்ப்பாணத்துச் சண்டை எதற்கு?" என்று கேட்போருக்கும் விடை சொல்ல வேண்டும். விடை தொலைவில் இல்லை; தைப்பிங்கில் இருக்கிறது.

1861 முதல் 1874 வரை லாருட் பகுதியில் ஈயச் சுரங்கங்களுக்காகக் கீ ஹின், ஹாய் சான் என்னும் இரு சீனக் கூட்டத்தார் நான்குமுறை மோதினர். ஒருமுறை சுரங்கத்துக்குப் பாயும் தண்ணீருக்காக. ஒருமுறை சூதாட்டத் தகராற்றில். இரு பக்கத்திலும் மண்வெட்டி பிடித்தவர்கள் ஒரே நாட்டிலிருந்து வயிற்றுப் பிழைப்புக்காகக் கடல் கடந்த ஏழைகள். பினாங்கிலிருந்து ஆயுதம் வந்தது. மலாய்ப் பெருங்குடியினர் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தனர். அரியணைப் போட்டியும் அதனோடு கலந்தது. முடிவு என்ன? 1874 சனவரி 20-ஆம் நாள் பங்கோர் உடன்படிக்கை. கீ ஹின் வெல்லவில்லை. ஹாய் சானும் வெல்லவில்லை. வென்றவர் ஆங்கிலேயர். சண்டையை நிறுத்த வந்தவர்கள் நாட்டையே எடுத்துக்கொண்டனர். சண்டை நடந்த ஊருக்குத் தைப்பிங், அதாவது பேரமைதி, என்று பெயர் வைத்தார்கள்.

அந்த ஆட்சிதான் தண்டவாளம் போட்டது, தோட்டங்கள் திறந்தது, நம் பாட்டன் பாட்டியரைக் கூட்டங்கூட்டமாகப் பேராவின் பால்மரக் காட்டுக்குக் கொண்டுவந்தது. நாம் இந்த மாநிலத்தில் இத்தனை பேராக இருப்பதன் காரணங்களுள் ஒன்று, இரு கூட்டத்தார் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டதும் அதில் மூன்றாமவன் புகுந்ததும். இதைப் பேரா மாநிலத்துத் தமிழ்ப்பிள்ளை அறியவேண்டாமா?

இன்றைக்கு வருவோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. கோயிலும் பள்ளியும் மட்டும் நிற்க, மக்கள் ஈப்போவின் புறநகர்க் குறைந்தவிலை வீடுகளுக்குப் பெயர்ந்தனர். தோட்டத்தில் வறுமை இருந்தது. ஆனாலும் பையன் ஒருவன் தவறினால் கண்டிக்கப் பத்துப் பேர் இருந்தனர். அடுக்குமாடியில் அந்தப் பத்துப் பேர் இல்லை. அவ்விடத்தில் எண்களைப் பெயராகக் கொண்ட கும்பல்கள் வந்து அமர்ந்தன. 2013 ஆகத்து மாதத்தில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றின் உறுப்பினர்களுள் பத்தில் ஏழு பேருக்கு மேல் இந்தியர் என்று அமைச்சு கூறியபோது நம் தலைவர்கள் சிலர் சினந்தனர். எனக்குச் சினம் வரவில்லை. என்னிடம் ஆறாம் ஆண்டு படித்துச் சென்ற பையன்கள் சிலருடைய கைகளில் அவ்வெண்கள் பச்சை குத்தப்பட்டிருப்பதை நான் முன்னரே கண்டிருந்தேன். அவர்களில் ஒருவனைப் பாராங் கத்தியால் வெட்டியவனும் எங்கள் பள்ளியில் அவனுக்கு இரண்டு ஆண்டு இளையவனாகப் படித்தவனே. ஒரே திடலில் பந்து விளையாடிய பிள்ளைகள்.

ஈழத்து இயக்கங்களையும் இந்தக் குண்டர் கும்பல்களையும் நான் ஒன்றாக நிறுக்கவில்லை. அவர்கள் ஓர் இனத்தின் விடுதலைக்காக உயிரை வைத்தவர்கள். இவர்கள் போதைப்பொருளுக்கும் வட்டிக்கும் காவல் நிற்பவர்கள். நோக்கம் வேறு. ஆனால், பையனின் மனத்தில் நடப்பது ஒன்றே. "உன் கூட்டம்தான் உன் குடும்பம், கேள்வி கேட்டால் துரோகி, துரோகிக்கு மன்னிப்பில்லை, பழிக்குப் பழி." இந்த நான்கு வரிப் பாடத்தை எவர் சொல்லிக்கொடுத்தாலும் முடிவு ஒன்றாகவே இருக்கிறது. துப்பாக்கி பிடித்த வீரனின் படத்தை மட்டும் சட்டையில் அணியக் கொடுத்து, அவன் தோழனுக்கு நேர்ந்ததை மறைத்துவிட்டால், அப்பையன் கற்றுக்கொள்வது விடுதலையை அன்று; மேற்சொன்ன நான்கு வரிகளை.

சண்டை இருந்தது, பிணம் விழவில்லை

நம்மவரால் வேறுவிதமாக நடந்துகொள்ளவே முடியாதா? முடியும், நடந்து காட்டியிருக்கிறார்கள், அதுவும் இதே பேராவில்.

தோட்டத் துண்டாடலில் தொழிலாளர்கள் வீதிக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரம் சீவும் மக்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் திரட்டித் தோட்டங்களையே வாங்கினர். அதை எதிர்த்தவர்கள் இல்லையா? இருந்தார்கள். நடைமுறைக்கு ஒவ்வாது என்றனர், குறை கூறினர், கணக்குக் கேட்டனர். ம.இ.கா.வுக்குள்ளும் சம்பந்தன் அணி, மாணிக்கவாசகம் அணி என்று கடும்பூசல் இருந்தது. 1973-இல் சம்பந்தன் பதவி விலகினார், மாணிக்கவாசகம் தலைவரானார். கசப்பு இருந்தது, பிணம் விழவில்லை. தோற்றவர் உயிரோடு வீட்டுக்குப் போனார். கூட்டுறவுச் சங்கமும் நின்றது. இதை எவரும் காவியமாகப் பாடுவதில்லை. பாடத் தகுந்தது இதுதான் என்பது என் துணிபு.

எனவே, நம் தமிழ் அமைப்புகளுக்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: நினைவுநாளில் ஏற்றும் விளக்கு எல்லார்க்கும் உரியதாகட்டும். டெலோ, ஈபிஆர்எல்எப், புளொட் இளைஞர்களும் நம் பிள்ளைகளே. அவர்களுள் பலர் ஏழைகள். கிழக்கிலிருந்தும் வன்னியிலிருந்தும் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் வந்தவர்கள். தோட்டத்தில் பிறந்த நமக்கு அவர்கள் மற்றவரைவிட நெருங்கிய உறவு. அவர்களின் தாய்மார் வீட்டில் விளக்கேற்றி வெளியே சொல்லாமல் அழுத ஆண்டுகள் போதும்.

இரண்டு: 'துரோகி' என்னும் சொல்லை நம் மேடைகளிலிருந்து எடுத்துவிடுங்கள். அகராதியில் இருக்கட்டும். பள்ளி மேலாளர் வாரியத் தேர்தலிலும், கோயில் நிருவாகக் கூட்டத்திலும், இருமொழிப் பாடத்திட்டம் பற்றிய வாதத்திலும்கூட இச்சொல் எவ்வளவு எளிதாக வந்து விழுகிறது என்பதைக் கவனித்துப் பாருங்கள். "நீங்கள் கூறுவது தவறு" என்று சொல்லத் தமிழில் ஆயிரம் வழி உண்டு. அந்த ஆயிரத்தையும் விட்டுவிட்டு இந்த ஒன்றைப் பிடித்துக்கொள்வானேன்?

மூன்று: பிள்ளைகளுக்கு மாறுபடக் கற்றுக்கொடுங்கள். என் வகுப்பில் சொற்போர் நடக்கும்போது ஒரு விதி உண்டு. எதிரணி கூறியதை முதலில் திருத்தமாகத் திருப்பிச் சொன்ன பின்னரே மறுக்கவேண்டும். திருப்பிச் சொல்லத் தெரியாதவருக்கு மறுக்கும் உரிமை இல்லை. பதினொரு வயதுப் பிள்ளைகள் முதலில் தடுமாறுகிறார்கள். இரண்டு திங்களில் பழகிவிடுகிறார்கள். எதிரே நிற்பவன் பகைவனல்லன், வேறு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வகுப்புத் தோழன் என்பது அவர்களுக்கு விளங்கிவிடுகிறது. மணி அடித்ததும் இரண்டு அணியும் ஒன்றாகச் சிற்றுண்டிச்சாலைக்கு ஓடுகின்றன.

இக்கட்டுரையில் உடன்பாடு இல்லாதவர்கள் தாராளமாக மறுத்து எழுதுங்கள். நான் கூறியதை முதலில் திருப்பிச் சொல்லிவிட்டு மறுத்தால் மகிழ்வேன். அந்த ஒரு சொல்லை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
தமிழ்ப்பள்ளி ஆசிரியன் ஒருவன், பேரா